கடல் நிறம் மாறினால் முதலில் ஒரு போத்தல் தண்ணீர் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலிமுகத்திடலிலோ வெள்ளவத்தைக் கரையிலோ கடல் பச்சையாகவோ செங்கபிலமாகவோ மாறிவிட்டால் கைத்தொலைபேசிப் படங்கள் அரை மணித்தியாலத்தில் வந்துவிடுகின்றன. காரணமும் கூடவே வந்துவிடுகிறது: கப்பல் எண்ணெய், இரசாயனக் கசிவு, கழிவுநீர். இரவில் அலை நீலமாக மின்னினால் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் நடுவில் வராமலே போவது அந்தத் தண்ணீரில் அரை லீற்றர். காற்றுத் திரும்பினால் மாலைக்குள் அந்தத் திட்டு கலைந்துவிடும். மறுநாள் யார் போய் எடுத்தாலும் அது வேறு தண்ணீர். அதன் பிறகு நடப்பதெல்லாம் வாய்ச்சண்டைதான்.

படத்திலுள்ள நிறத்தை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் அதே தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

மார்ச் முதல் மே வரையான இடைப்பருவக் காலத்தில், காற்று விழுந்து கடல் வழுவழுவென்று கிடக்கும் நாட்களில், மரத்தூளை நீளநீளமாகக் கொட்டிவிட்டதுபோலப் பழுப்பு வரிகள் மிதப்பதைக் காணலாம். பழைய எஞ்சின் எண்ணெய் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் டிரைக்கோடெஸ்மியம் என்ற சயனோபற்றீரியா, அதாவது ஒளித்தொகுப்புச் செய்யும் ஒரு பற்றீரியா வகை. போத்தலில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தூளும் 1 முதல் 3 மில்லிமீற்றர் வரையுள்ள ஒரு சிறு கட்டு, முடிவெட்டும் கடையில் தரையில் கிடக்கும் மயிர்த்துண்டுகளைச் சேர்த்துப் பிடித்ததுபோல. அசைக்காமல் வைத்தால் சிறிது நேரத்தில் எல்லாம் மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். அதன் கலங்களுக்குள் வாயுப்பைகள் உண்டு. எண்ணெய் இப்படித் துகள்துகளாகப் பிரியாது, விரலில் பிசுக்காக ஒட்டும். டிரைக்கோடெஸ்மியம் சாகத் தொடங்கினால் செந்நிறப்பொருள் கசிந்து தண்ணீர் இளஞ்சிவப்பாகும், நாற்றமும் எடுக்கும். அந்தக் கட்டத்தில் எடுத்த படம்தான் 'இரசாயனம்' என்று பரவுகிறது. உண்மையில் இந்த உயிரி கரைந்துள்ள நைதரசன் வாயுவை உரமாக மாற்றிப் போசணை குறைந்த கடலுக்குக் கொடுப்பது.

நொக்டிலூக்கா என்ற உயிரி வேறு மாதிரி. ஒரே கலம்தான், ஆனாலும் 0.2 முதல் 2 மில்லிமீற்றர் வரை வளரும், வெறுங்கண்ணுக்கே தெரியும். ஊறவைத்த சவ்வரிசியை இன்னும் பொடிப்பொடியாக்கித் தண்ணீரில் விட்டதுபோல இருக்கும். இதுவும் மேலே மிதக்கும். இருட்டறையில் போத்தலை ஆட்டினால் நீலமாக மின்னும். சிவப்பு வகை பிற பிளாந்தன்களை, அதாவது நீரில் மிதந்தலையும் சிற்றுயிர்களை, பிடித்துத் தின்று வாழ்வது. பச்சை வகை தன் உடலுக்குள்ளேயே பச்சை அல்காக்களைக் குடிவைத்திருப்பது. மன்னார் வளைகுடாவின் அக்கரையில் பாம்பன், மண்டபம் மீனவர்கள் இதனைப் பூங்கோரை என்கிறார்கள். 2019 செப்டெம்பரில் அங்கே கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதற்கு இந்தப் பச்சை வகைதான் காரணம். இது நஞ்சு ஊட்டிக் கொல்வதில்லை. கலத்துக்குள் தேங்கும் அமோனியா வெளிவருவதும், பெருந்தொகையாக இறந்து அழுகும்போது ஒட்சிசன் தீர்ந்துபோவதுமே மீனைக் கொல்கின்றன.

மூன்றாவது, களனி கங்கை வெள்ளத்தின் சேறு. போத்தலை அசையாமல் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பகுதி அடியில் படிந்து மேல்நீர் தெளியத் தொடங்கும். தயற்றங்கள் எனப்படும் கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண் அல்காக்கள் அவ்வளவு விரைவாகப் படியா. படிந்தாலும் பஞ்சுபோன்ற மென்பழுப்புப் படலமாகத்தான் இருக்கும். சேறும் தயற்றமும் கலந்து வருவதும் உண்டு, ஏனென்றால் தயற்றத்தின் ஓட்டுக்கு வேண்டிய சிலிக்கேற்றை ஆற்றுநீர்தான் கொண்டுவருகிறது.

இனி, தண்ணீர் எடுக்கும் முறை. இதில்தான் அதிகம் பிழைக்கிறது.

வாளியில் சவர்க்காரமோ கழுவுதூளோ பட்டிருக்கக் கூடாது. மெல்லிய கலங்கள் நிமிடங்களில் வெடித்துப்போகும். அதே கடல்நீரால் மூன்று தரம் அலசிவிட்டு எடுக்க வேண்டும். அலை உடையும் இடத்தில் எடுத்தால் மணல்தான் மிஞ்சும், அதைத் தாண்டி எடுக்க வேண்டும். முகத்துவாரத்திலிருந்தோ தெகிவளை, கல்கிசைக் கரைகளிலிருந்தோ காலையில் புறப்படும் வள்ளங்கள் இதற்குப் போதும். இரண்டு போத்தல் தேவை. ஒன்று உயிருடன் பார்ப்பதற்கு: முக்கால்வாசி மட்டும் நிரப்பி, காற்றுக்கு இடம்விட்டு, ஈரத்துணி சுற்றி நிழலில் கொண்டுவாருங்கள். ஐஸ் பெட்டியில் போட வேண்டாம். 29 பாகைத் தண்ணீரில் இருந்த உயிரி திடீர்க் குளிரில் உருக்குலைந்துவிடும். மற்றது பதனிடுவதற்கு. மண்ணிறக் கண்ணாடிப் போத்தலே நல்லது, 250 மில்லிலீற்றர் போதும். பிளாஸ்ரிக் போத்தல் அயடீனை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும்; மூன்று மாதம் கழித்துத் திறந்தால் நிறமும் இராது, கலமும் இராது.

பதனிட லுகோல் கரைசல். 20 கிராம் பொற்றாசியம் அயடைட்டை முதலில் சிறிதளவு காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதில் 10 கிராம் அயடீன் பளிங்கைப் போட்டுக் கலக்கி, முற்றாகக் கரைந்த பின் 200 மில்லிலீற்றராக்கி, 20 மில்லிலீற்றர் செறிந்த அசற்றிக்கமிலம் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றி அயடீனை நேரே நீரில் போட்டால் கரையவே கரையாது, அடியில் கறுப்புத் துகளாகக் கிடக்கும். பாமசியில் காயத்துக்கு விற்கும் அயடீன் மருந்து இதற்குப் பதிலாகாது. அதன் சேர்மானம் வேறு. 250 மில்லிலீற்றர் கடல்நீருக்கு ஏறத்தாழ 1 மில்லிலீற்றர் விட்டால் மெல்லிய பிளேன்ரீ நிறம் வரும். அடர்ந்த பச்சை நீரில் நிறம் உடனே மறைந்தால் இன்னும் துளிதுளியாக விடுங்கள். இருட்டில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை திறந்து நிறம் மங்கியிருந்தால் மறுபடி சேர்க்க வேண்டும். ஒரு விதிவிலக்கு: கொக்கோலிதோபோர் எனப்படும் சுண்ணாம்புச் செதிள் கொண்ட அல்காக்களைத் தேடுபவர்கள் அமிலம் சேர்க்காத லுகோலைப் பயன்படுத்த வேண்டும். அமிலம் கல்சியம் காபனேற்றைக் கரைத்துவிடும், மிஞ்சுவது அடையாளம் காண முடியாத ஓர் உருண்டை. போமலினை மாணவர் கையில் கொடுக்கவே வேண்டாம். அது புற்றுநோய் உண்டாக்குவது. இந்த வேலைக்குத் தேவையுமில்லை.

போத்தலில் பால்பொயின்ற் பேனையால் எழுதினால் அயடீனும் கடல்நீரும் அழித்துவிடும். தடித்த தாளில் பென்சிலால் திகதி, நேரம், இடம், நீர் வெப்பநிலை, காற்று, நிறம் எழுதிக் கட்டுங்கள். நேரம் எழுதாத போத்தலைக் கொட்டிவிடலாம் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் டைனோபிளாஜலேற்றுகள் எனப்படும், சாட்டைபோன்ற இழையால் நீந்தும் ஒருகல உயிரிகள் பகலில் மேலே நீந்தி வந்து இரவில் கீழிறங்குபவை. காலை 6 மணி வாளியும் நண்பகல் வாளியும் இரண்டு கடல்களைக் காட்டும்.

மீன் சாவு நடந்த இடத்தில் ஒட்சிசன் அளப்பவர்களும் இதே பிழையைத்தான் செய்கிறார்கள். அல்கா நிறைந்த நீரில் நண்பகலில் ஒட்சிசன் நிரம்பி வழியும். இரவு முழுவதும் அதே அல்காவும் அழுகும் பொருளும் மூச்சுவிட்டு, விடியுமுன் அடிமட்டத்துக்கு இறங்கும். மத்தியானம் போய் அளந்துவிட்டு 'ஒட்சிசன் போதியளவு உண்டு' என்று எழுதினால் அளவீடு சரி, முடிவு பிழை. விடியற்காலையில் அளக்க வேண்டும்.

பிளாந்தன் வலை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், இனங்களைப் பார்ப்பதற்கு. எண்ணுவதற்கு வேண்டாம். தாவரப் பிளாந்தனுக்கு 20 மைக்கிரோமீற்றர் கண்ணுள்ள வலை, விலங்குப் பிளாந்தனுக்கு 200. கடலில் ஒளித்தொகுப்புச் செய்பவற்றுள் எண்ணிக்கையில் முதலிடத்திலுள்ள புரோகுளோரோகொக்கஸின் குறுக்களவு ஏறத்தாழ 0.6 மைக்கிரோமீற்றர், 20 மைக்கிரோமீற்றர் கண்ணுக்கு அது படலை திறந்த வீடு. 1980களின் நடுப்பகுதிவரை யாருக்கும் தெரியாமல் இருந்த உயிரி அது. கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கும் கருவி கப்பலில் ஏறிய பிறகுதான் கண்டார்கள். வலையை வள்ளத்தில் கட்டி வேகமாக இழுத்தால் தண்ணீர் உள்ளே போகாமல் பக்கத்தால் வழிந்துவிடும். நடை வேகத்திலும் குறைவாக இழுக்க வேண்டும். அல்கா பெருகிய நாளில் சில நிமிடத்திலேயே கண்கள் அடைத்துக்கொள்ளும். அதற்குமேல் எவ்வளவு தூரம் இழுத்தாலும் கணக்குக்கு உதவாது.

எண்ணும் வேலைக்குப் பெரிய ஆய்வகம் தேவையென்று நினைக்க வேண்டாம். லுகோல் சேர்த்த 250 மில்லிலீற்றரை அளவுச்சாடியில் விட்டு அசையாமல் வையுங்கள். படிவதற்கு நீர்நிரலின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 3 மணித்தியாலம் என்று கணக்கு: 20 சென்ரிமீற்றர் உயரமானால் 60 மணித்தியாலம். அவசரப்பட்டால் சிறிய கலங்கள் மேல்நீரோடு போய்விடும். பிறகு மெல்லிய குழாயால் மேலிருந்து உறிஞ்சி எடுத்து 25 மில்லிலீற்றரை மிச்சம் விடுங்கள். செட்ஜ்விக் ராஃப்டர் என்ற எண்ணும் தட்டு 50 மில்லிமீற்றர் நீளம், 20 அகலம், 1 ஆழம்; சரியாக 1 மில்லிலீற்றர் பிடிக்கும், 1,000 கட்டங்கள். நமது 1 மில்லிலீற்றர் இப்போது 10 மில்லிலீற்றர் கடல்நீருக்குச் சமம். ஆகவே தட்டு முழுவதிலும் ஒரு கலம் கண்டால் லீற்றருக்கு 100 கலங்கள்.

உயர்தர வகுப்புள்ள பாடசாலைகளின் நுணுக்குக்காட்டியில் 10 மடங்கு பொருளருகு வில்லையால் இதைப் பார்க்கலாம். 40 மடங்கு வில்லை அந்தத் தட்டின் ஆழத்துக்கு இறங்காது, மூடியில் இடிக்கும். இனத்தை உறுதிசெய்ய ஒரு துளியைச் சாதாரண வழுக்கியில் வைத்துப் பாருங்கள். 400 கலங்கள் எண்ணினால் பிழை ஏறத்தாழ 10 வீதம். 100 எண்ணினால் 20 வீதம். நான்கு கலத்தைக் கண்டுவிட்டு 'லீற்றருக்கு 400' என்று எழுதினால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுத் தயற்ற ஓடுகளை எண்ணக் கூடாது. சங்கிலியாக வரும் ஸ்கெலிற்றோனெமா என்ற தயற்றத்தில் எண்ணியது சங்கிலியையா கலத்தையா என்று எழுதிவைக்க வேண்டும். இரண்டு மாணவர் ஒரே தட்டை எண்ணிப் பத்து மடங்கு வேறுபட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே.

குளோரபில் அளப்பது அடுத்த படி. கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, 90 வீத அசற்றோனில் இருட்டில் குளிராக ஒரு நாள் வைத்து, நிறமாலைமானியில் 664, 647, 630 நனோமீற்றர்களில் படிக்க வேண்டும். கலங்கல் கழிக்க 750. நீர் பச்சையாக இருந்தால் 100 மில்லிலீற்றர் போதும், தெளிந்த வெளிக்கடலில் 2 லீற்றரும் வேண்டியிருக்கும். வடிதாளைச் சேமிக்கும் குளிர்பெட்டியில்தான் ஆபத்து: ஒருதரம் உருகி மறுபடி உறைந்தால் குளோரபில் சிதைந்துவிடும், எண் குறைந்து வரும், குறைந்தது தெரியவும் வராது. 2022 இன் 13 மணித்தியால மின்வெட்டுகளை நினைத்துப் பார்த்தால், அதிக நாள் சேமிக்காமல் அந்த வாரமே அளந்துவிடுவது புத்திசாலித்தனம்.

செய்மதி இருக்கும்போது போத்தல் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். 2024 பெப்ரவரி 8 இல் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் உட்படப் பல செய்மதிகள் கடலின் நிறத்தைத் தினமும் அளக்கின்றன, தரவும் இலவசம். தென்மேற்குப் பருவத்தில் இலங்கையின் தென்கரையோரம் அடிநீர் மேலெழுந்து, குளோரபில் மிகுந்த நீர் கிழக்கே திரும்பி வங்காள விரிகுடாவுக்குள் போவதை நமக்குக் காட்டியவை இத்தகைய செய்மதிகள்தாம். ஆனால் அதே பருவத்தில் கொழும்பின்மேல் முகில் மூடியிருக்கும், கருவிக்குக் கடல் தெரியாது. தெரிந்த நாளிலும் கரையோரத்தில் களனிச் சேற்றையும் அழுகிய இலைச்சாற்றின் மஞ்சள் நிறத்தையும் குளோரபிலாகக் கணக்கிட்டுவிடும். எந்த இனம் என்பதையோ நஞ்சுண்டா என்பதையோ உறுதியாகச் சொல்லப் போத்தலால்தான் முடியும்.

நஞ்சைப் பற்றிச் சுருக்கமாக. நிறம் மாறாத கடலிலும் நஞ்சு இருக்கலாம். சில டைனோபிளாஜலேற்றுகள் லீற்றருக்குச் சில ஆயிரம் கலங்கள் இருந்தாலே அவற்றின் நஞ்சு மட்டியில் சேர்ந்துவிடும். 1997 இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் மட்டி உண்டு 7 பேர் இறந்தது இப்படித்தான். சக்சிற்றொக்சின் என்ற அந்த நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் போகாது. மட்டி இறைச்சியில் கிலோவுக்கு 800 மைக்கிரோகிராம் என்பதே பல நாடுகள் வைத்துள்ள எல்லை. கடல் நிறம் மாறியிருக்கும் நாட்களில், மாறி ஓரிரு வாரம் வரையிலும், கரையில் பொறுக்கிய மட்டியைச் சமைக்காமல் விடுவது நல்லது.

துறைமுகத்தின் பங்கும் உண்டு. கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றும் நிலைப்பு நீரில் அயல் கடல்களின் பிளாந்தன்கள் வருகின்றன. 2017 செப்டெம்பர் 8 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை, வெளியேற்றும் நீரில் 10 முதல் 50 மைக்கிரோமீற்றர் வரையான உயிரிகள் மில்லிலீற்றருக்குப் பத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. லீற்றர்க் கணக்கில் அது 10,000 ஐ நெருங்கலாம். டைனோபிளாஜலேற்றுகளின் உறங்கும் சிறைப்பைகள் துறைமுகச் சேற்றில் ஆண்டுக்கணக்கில் உயிருடன் கிடக்கக் கூடியவை. ஆகவே தண்ணீர்ப் போத்தலோடு ஆண்டுக்கு ஒருதரம் ஒரு கரண்டி சேற்றையும் எடுத்துவைத்தால் நல்லது.

இவ்வளவும் எழுதியது ஒரு கோரிக்கைக்காக. 2021 மே 20 இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலுக்குப் போயின. பிளாந்தனுக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டோம். ஆனால் மே கடைசியும் யூனும் தென்மேற்குப் பருவம் தொடங்கும் வாரங்கள். ஆற்றுவெள்ளம், கலங்கல், காற்று எல்லாம் சேர்ந்து விபத்து எதுவும் நடக்காத ஆண்டிலும் பிளாந்தன் தலைகீழாக மாறும் காலம் அது. மே தொடக்கத்து மாதிரியையும் யூன் மாதிரியையும் பக்கத்தில் வைத்து 'கப்பலால் மாறியது' என்றும் சொல்ல முடியாது, 'கப்பலால் மாறவில்லை' என்றும் சொல்ல முடியாது. முந்தைய பல ஆண்டுகளின் அதே வாரங்கள் கையில் இருந்தால் மட்டுமே இரண்டையும் பிரிக்கலாம். இங்கிலாந்தில் பிளிமத் நகருக்கு வெளியே ஒரே புள்ளியில் 1988 முதல் வாராவாரம் பிளாந்தன் எடுக்கிறார்கள். வணிகக் கப்பல்களின் பின்னால் பட்டுத்துணிப் பெட்டியை இழுத்துப் பிளாந்தன் சேர்க்கும் திட்டம் 1931 முதல் நடக்கிறது. அந்தத் துணியின் பச்சை நிறத்தைக் கண்ணால் பார்த்து மட்டமிடும் பழைய முறையை இன்றும் கைவிடவில்லை, மாற்றினால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாது என்பதால். கொழும்புத் துறைமுகத்தைத் தொட்டுப்போகும் கப்பல்களுக்குக் குறைவில்லை.

பெரிய திட்டம் வரும்வரை சிறியதைத் தொடங்கலாம். கரையிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றரில் ஒரு புள்ளி. ஒவ்வொரு செவ்வாயும் காலை 8 மணிக்கு 250 மில்லிலீற்றர் லுகோல் போத்தல் ஒன்று, வெப்பநிலை, நீரின் தெளிவைக் காட்டும் செக்கித் தட்டின் ஆழம். 30 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள அந்த வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி, வள்ளத்தின் நிழல் பக்கத்தில் இறக்கி, மறையும் ஆழத்தையும் திரும்பத் தெரியும் ஆழத்தையும் சராசரி எடுக்க வேண்டும். 1865 முதல் இதே வேலைதான். கறுப்புக் கண்ணாடி அணிந்து பார்க்கக் கூடாது, இறக்குபவரை மாற்றிக்கொண்டும் இருக்கக் கூடாது. கடும் காற்று வாரங்களில் வள்ளம் இறங்காது. அந்த வாரத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். ஆண்டுக்கு 52 போத்தல் ஓர் அலுமாரித் தட்டுக்குள் அடங்கும். எண்ண ஆளில்லாவிட்டாலும் சேர்த்துவையுங்கள். லுகோல் மங்காமல் பார்த்துக்கொண்டால் பிறகும் எண்ணலாம். காக்கைதீவிலுள்ள நாரா என்ற அரச நீர்வள ஆய்வு நிறுவனம் ஒரே முறைத் தாளை வகுத்துக் கொடுத்தால், கடலோரப் பாடசாலைகள் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு பாடசாலையும் தனக்குப் பிடித்த இடத்தில், தனக்குப் பிடித்த வலையால் எடுத்தால் வீண்.

தங்கள் பத்திரிகையிடமும் இரண்டு கேட்கிறோம். வானிலைக் கட்டத்தின் கீழ் வாரம் ஒருமுறை ஒரு வரி: கொழும்புக் கடலின் வெப்பநிலை, தட்டு மறைந்த ஆழம், நிறம். நிறம் மாறிய கடலின் படத்தைப் பிரசுரிக்கும்போது எடுத்த நேரம், இடம், தண்ணீர் மாதிரி எடுக்கப்பட்டதா இல்லையா என்பதையும் படத்தின் கீழேயே அச்சிடுங்கள். மாதிரி எடுக்கப்படவில்லை என்றால் அப்படியே போடுங்கள். காரணத்தைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
கடல் நுண்ணுயிர் ஆய்வில் ஈடுபடுவோர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.